பெரியக்காவுக்கு ஒரு மாதம் மோட்டார் ரூம்

எந்தச் சங்கமும் எடுத்த எடுப்பில் கோழியில் கை வைப்பதில்லை. முதலில் தண்ணீர் மோட்டாரில் வைக்கும். பிறகு சாக்கடையில் வைக்கும், அப்புறம் துணி காயப்போடும் கொடியில் வைக்கும். ஆள்வதற்கு இருந்ததையெல்லாம் ஆண்டு முடித்தபின், கை சும்மா இருக்க மாட்டேன் என்று அரிக்கிற ஒரு நாளில், கொல்லையில் யாரையும் கேட்காமல் மேய்ந்துகொண்டிருக்கும் கோழிகள் கண்ணில் படும். அந்தக் குடியிருப்பிலும் அப்படித்தான் பட்டன.

பன்னிரண்டு வீடுகளுக்கும் பொதுவாக ஒரு கொல்லை, அதில் மூன்று கோழிக்கூண்டுகள். முதலாவது சங்கத் தலைவருடையது. சிமென்ட் சுவர், டைல்ஸ் தரை, வாசலில் ‘திறந்து வைத்தவர்’ என்று அவர் பெயரே பொறித்த கல். கட்டியவரும் அவர்தான், திறந்தவரும் அவர்தான், திறப்பு விழாவில் கைதட்டியவர்களில் பாதிப்பேர் அவர் வீட்டார். இரண்டாவது செயலாளருடையது, தகரம். மூன்றாவது டோக்கனுடையது.

டோக்கன் என்பது ஒரு பெண்ணுக்கு அந்தக் குடியிருப்பு வைத்த பெயர். பல் ஆஸ்பத்திரியின் முன்மேசையில் உட்கார்ந்து டோக்கன் கொடுப்பது அவள் வேலை. கன்னம் வீங்கி, கண்ணில் நீர் வழிய வருகிறவனிடம்கூட “உட்காருங்க, கூப்பிடுவாங்க” என்று தேன் ஒழுகச் சொல்லி ஒரு மணி நேரம் உட்கார வைத்துவிடுவாள். அவள் கணவன் ஃபிரிட்ஜ் மெக்கானிக். உயிர்போன இரண்டு பெரிய ஃபிரிட்ஜுகளை மல்லாக்கப் படுக்கவைத்து, ஒன்றோடு ஒன்றைச் சேர்த்து, கதவுக்குப் பதில் கம்பிவலை அடித்து, குறுக்கே கழி செருகிக் கூண்டு செய்து கொடுத்திருந்தான். பார்க்கச் சகிக்காது. ஆனால் கொல்லையிலிருந்த எல்லாக் கோழிகளும் பொழுது சாய்ந்ததும் தத்தம் வீட்டை விட்டுவிட்டு அந்த ஃபிரிட்ஜுக்குள்தான் போய் அடைந்தன.

காரணம் பெரியக்கா. டோக்கனின் கறுப்புக் கோழி அது. தீனி போட்டால் முதலில் வாய் வைப்பது பெரியக்கா, கழியில் நடு இடம் பெரியக்காவுக்கு. அதற்காக அவள் யாரையும் பிய்த்துப் போட்டதில்லை. கழுத்தை நீட்டி ஒரு பார்வை பார்ப்பாள், அவ்வளவுதான். யாருக்கு முன்னால் யார் என்று ஒரு தடவை தெரிந்துவிட்டால் கோழிக்கு நிம்மதியாகத் தூக்கம் வரும். அந்தத் தூக்கத்துக்காகத்தான் எல்லாம் அங்கே வந்தன.

டோக்கனுக்குப் பெரியக்கா என்றால் உயிர். ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர், சின்ன டாக்டர், நர்ஸ், பெருக்குகிற அம்மா என்று எல்லாரும் அவளை ஏவுவார்கள். வீட்டில் மாமியார் ஃபோனிலேயே ஏவுவாள். தன் வழியில் தலை நிமிர்ந்து நடந்து, யாரும் விரட்டாமல் சாப்பிட்டு, நடு இடத்தில் படுக்கிற ஒரு பெண்பிறவியை அவள் நேரில் பார்த்தது அந்த ஒன்றைத்தான். சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும், செருப்பைக்கூடக் கழற்றாமல் போய் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வருவாள்.

தலைவரிடமும் ஒரு கோழி இருந்தது. விலை உயர்ந்த ஜாதி, வெளியூரிலிருந்து கூடையில் பயணம் செய்து வந்தது. தலையில் பூச்செண்டு போல இறகுக் கொத்து. அந்தக் கொத்து கண்ணை மறைத்துத் தொங்கியதால் அதற்கு எதிரே இருப்பது தீனியா தின்கிற இன்னொரு கோழியா என்று தெரியாது. எல்லாவற்றின் மீதும் மோதும், எல்லாவற்றிடமும் கொத்து வாங்கும். குடியிருப்பில் அதைச் சீமாட்டி என்றார்கள்.

ஒரு காலை, நடைப்பயிற்சிக்கு வந்த தலைவர் தன் டைல்ஸ் கூண்டு காலியாக இருப்பதைக் கண்டார். சீமாட்டி ஃபிரிட்ஜ் வாசலில், வெளியே, மண்ணில் படுத்துக் கிடந்தது.

“ஏம்மா, இதுக்கு என்ன அர்த்தம்?”

“தூங்குது சார்.”

“அது தெரியுது. என் கோழி எதுக்கு உன் வாசல்ல வந்து தூங்குது?”

“உள்ள இடம் விட்டிருக்க மாட்டா சார்.”

“யாரு?”

“பெரியக்கா.”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். தலைவர், எடைக்கருவிகளுக்கு முத்திரை குத்துகிற அலுவலகத்தில் மேலதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். தராசு தனக்கு எதிராகச் சாய்ந்தால் தராசு தப்பு என்று அவருக்கு உடனே தெரிந்துவிடும்.

அவசரக் கூட்டம் கூடியது. பொது அறையில் சக்கரம் வைத்த சுழல் நாற்காலியில் தலைவர், பக்கத்தில் செயலாளர், அப்புறம் மருந்துக்கடை வைத்திருக்கிற பொருளாளர், மற்றவர்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளில். செயலாளர் டிரைவிங் ஸ்கூல் நடத்துபவர். பக்கத்து சீட்டில் உட்கார்ந்தபடியே தன் காலடியில் தனியாக ஒரு பிரேக் வைத்துக்கொண்டு காலத்தை ஓட்டியவர்.

தலைவர் எழுந்தார். “இது கோழிப் பிரச்சினைன்னு யாரும் நினைக்காதீங்க. வெறும் கோழியா இருந்தா நானே கூப்பிட்டுப் பேசித் தீர்த்திருப்பேன். இது அமைப்பு சம்பந்தப்பட்ட விஷயம். டைல்ஸ் போட்ட எடத்த விட்டுட்டு ஒரு கோழி ஃபிரிட்ஜுக்குப் போகுதுன்னா, ஒண்ணு அதுக்கு அறிவில்லைன்னு அர்த்தம், இல்ல யாரோ தூண்டி விடுறாங்கன்னு அர்த்தம். அறிவில்லாத கோழிய நான் வாங்க மாட்டேன்.”

அனைவரும் டோக்கனைத் திரும்பிப் பார்த்தார்கள். கோழி நலக் குழு அங்கேயே அமைக்கப்பட்டது. எல்லாக் கோழிகளும் சமம் என்பது அதன் முதல் தீர்மானம். அந்தச் சமத்துவத்தை நிலைநாட்ட, எந்தக் கோழி எந்தக் கூண்டில் என்று வாரத்துக்கு ஒரு முறை மாற்றி அமைக்கப்படும். சீமாட்டி மட்டும் தலைவர் வீட்டுக் கோழி என்கிற பொறுப்பில் இருப்பதால் எங்கே போனாலும் நடு இடத்தில் வைக்கப்படும்.

அன்று முதல் சாயங்காலம் ஆனால் குழு உறுப்பினர்கள் ஆளுக்கொரு கோழியை அக்குளில் இடுக்கிக்கொண்டு கொல்லையில் ஓடினார்கள். ஒவ்வொரு வாரமும் புது ஆட்களோடு புதுக் கூண்டில் அடைத்தால் கோழி என்ன செய்யும்? யார் பெரியவள் என்று முதலிலிருந்து சண்டை போடும். ஒரு சண்டை ஓய்வதற்குள் அடுத்த வாரம் வந்துவிடும். இறகு பறந்தது, ரத்தம் தெறித்தது, முட்டை நின்றுபோனது. குழு ஆராய்ந்து, கோழிகளிடம் ஒழுக்கம் கூடியிருப்பதால் முட்டையில் நாட்டம் குறைந்திருக்கிறது என்று முடிவுக்கு வந்தது.

சீமாட்டி மட்டும் நடு இடத்தில் வைக்கப்பட்டு, வைத்த வேகத்தில் கீழே தள்ளப்பட்டுக்கொண்டே இருந்தது. அதன் அந்தஸ்து மற்றவைக்குப் புரியவில்லை என்று தலைவருக்குத் தோன்றியது. புரிய வைப்பதற்காக, சிறு கூட்டம் கூட்டி, அதன் காலில் தன் கையாலேயே ஒரு சிவப்பு ரிப்பன் கட்டினார்.

அவர் மனைவி தள்ளி நின்று, “சிவப்பா எதையாவது பார்த்தா கோழி கொத்துமேங்க” என்றாள். “அடையாளம் இருந்தாத்தான் மரியாதை வரும், நீ உள்ள போ” என்றார் தலைவர்.

ரிப்பனை முதலில் கொத்தியது எது என்று யாருக்கும் தெரியாது. ஏனென்றால் கிட்டத்தட்ட எல்லாமே கொத்தின. மதியத்துக்குள் ரிப்பன் போய்விட்டது, அது கட்டியிருந்த காலில் சதையும் கொஞ்சம் போய்விட்டது. குழு ஓடி வந்தபோது பெரியக்கா அருகில் நின்று மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தாள். அவள் ரிப்பனைக் கொத்தவே இல்லை, டோக்கனின் கணவன் கண்ணால் பார்த்தான். கூட்டத்தில் எழுந்து அதைச் சொல்ல அவனுக்குத்தான் வாய் வரவில்லை.

கொல்லையிலேயே நாற்காலி போட்டு விசாரணை நடந்தது. பெரியக்காவைக் கூடையில் வைத்துக் கொண்டுவந்தார்கள். 

“சம்பவம் நடந்தப்போ எங்க இருந்தே?” என்று செயலாளர் கேட்டார். பெரியக்கா அவரைப் பார்த்தாள். 

“விளக்கம் தர மறுக்குதுன்னு எழுதிக்குங்க” என்றார் தலைவர்.

பெரியக்கா கூடையிலிருந்து கழுத்தை நீட்டி செயலாளரின் ஷூ கயிற்றைப் புழு என்று நினைத்து இழுத்தாள். விசாரணை அதிகாரியைத் தாக்க முயன்றதாக அதுவும் சேர்த்துக்கொள்ளப்பட்டது. தலைவரின் மனைவி ஏதோ சொல்ல வந்தாள். சாட்சி உணர்ச்சிவசப்பட்ட நிலையில் இருப்பதால் அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

“சார், அது கோழி சார்” என்றாள் டோக்கன்.

“அதனாலதாம்மா இவ்வளவு பொறுமையா விசாரிக்கிறோம். மனுஷங்களா இருந்தா விசாரிச்சிருக்கவே மாட்டோம்” என்றார் தலைவர்.

பெரியக்காவுக்கு ஒரு மாதம் மோட்டார் ரூம் என்று தீர்ப்பானது. “இத தண்டனைன்னு நினைக்காதே. சிந்திச்சுத் திருந்துறதுக்கு ஒரு வாய்ப்பு” என்று டோக்கனின் தலையில் கை வைக்காத குறையாகத் தலைவர் சொன்னார். 

மோட்டார் ரூமுக்கு ஜன்னல் கிடையாது. தினமும் இரண்டு வேளை மோட்டார் போட்டால் சுவரே அதிரும். சாவி செயலாளரிடம். வேலைக்குப் போகும் முன்னும் வந்த பின்னும் டோக்கன் அவர் வீட்டு வாசலில் நின்று சாவி கேட்டு வாங்கி, தீனியும் தண்ணீரும் வைத்துவிட்டு, சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். செயலாளர் குளித்துக்கொண்டிருப்பார், சாப்பிட்டுக்கொண்டிருப்பார், இன்னும் கொஞ்சம் சாப்பிடுவார். உள்ளே போனால் பெரியக்கா மூலையில் ஒடுங்கி உட்கார்ந்திருப்பாள். ரத்தச் சிவப்பாக இருந்த கொண்டை நாளுக்கு நாள் வெளிறி, நனைந்த காகிதம் போலச் சரிந்தது. 

“விடு, ஒரு கோழிதானே” என்று கணவன் ஒரு நாள் சொல்லிப் பார்த்தான். அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் எழுந்து போய், ரிப்பேருக்கு வராத ஃபிரிட்ஜைக்கூடத் திறந்து மூடிக்கொண்டிருந்தான்.

மாதம் முடிந்தது. விடுதலைக்கும் ஒரு கூட்டம் வைத்து, மன்னிப்பதில் சங்கத்துக்கு இருக்கும் பெருந்தன்மை பற்றித் தலைவர் பேசினார். பிறகு கூடையைத் திறந்தார்கள். பெரியக்கா வெளிச்சத்தில் கண் கூசி நின்றாள். ஒரு அடி எடுத்து வைத்தாள்.

முதலில் பாய்ந்தது செயலாளரின் கோழி சிவப்பி. பெரியக்கா இல்லாத மாதத்தில் நடு இடத்தைப் பிடித்தவள் அவள்தான். அடுத்து, பெரியக்காவின் இறகோடு ஒட்டிப் படுத்துத் தூங்கிய இரண்டு குட்டைக் கோழிகள். அப்புறம் எல்லாமும். கடைசியில் சீமாட்டி வந்தது. கண் தெரியாமல் காற்றை இரண்டு தடவை கொத்தி, மூன்றாவது தடவை சரியாகக் கொத்தியது. போனவள் போனவள்தான். திரும்பி வந்தவளை அவற்றுக்கு அடையாளம் தெரிந்தது, இடம்தான் நினைவில்லை.

“சார், பாருங்க சார், கொன்னுடும் சார்!” என்று டோக்கன் கத்தினாள்.

“இயற்கையில சங்கம் தலையிடாதும்மா” என்றார் தலைவர்.

அவள் உள்ளே புகுந்து, பெரியக்காவை வாரி எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். வேலைக்குப் போகும் புடவையில் ரத்தம் ஊறியது. அழவில்லை. அழுதிருந்தால் அதோடு போயிருக்கும். அழாததால் உள்ளேயே தங்கி, கெட்டிப்பட்டு, நல்ல வைரம் பாய்ந்துவிட்டது. புடவைத் தலைப்பால் பெரியக்காவின் கொண்டையை ஒற்றியபடி நிமிர்ந்தபோதுதான் செயலாளரைப் பார்த்தாள். அவர் சிவப்பியைப் பார்க்கவில்லை. தலைவரின் சுழல் நாற்காலியைக் கூட்டத்துக்காகக் கொல்லைக்குத் தூக்கி வந்திருந்தார்கள், அது காலியாகக் கிடந்தது. செயலாளர் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். டோக்கனுக்கு அது போதுமானதாக இருந்தது.

ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் அவள் எழுந்து நின்றபோது, கோழிக்காக அழப்போகிறாள் என்று எல்லாரும் சங்கடமாக நெளிந்தார்கள். அவள் ஆஸ்பத்திரிக் குரலை எடுத்தாள்.

“என் கோழியால சாருக்கு ரொம்ப மன உளைச்சல். எனக்கு அது உறுத்திக்கிட்டே இருக்கு. சார் இந்தச் சங்கத்துக்காக ஒரு நாள்கூட லீவு எடுத்ததில்ல. முகத்தப் பாருங்க, எப்படி வாடிப் போயிருக்கு. சார் மகன் வீட்டுக்குப் போய் ஒரு ரெண்டு மாசம் நல்லா ஓய்வெடுத்துட்டு வரணும்னு நான் தீர்மானம் கொண்டு வர்றேன்.”

செயலாளர் ஆதரிப்பதற்காக எழுந்த வேகத்தில் அவர் நாற்காலி பின்னால் விழுந்தது. “நான் ரொம்ப நாளா சொல்லணும்னு நினைச்சேன், சார் தப்பா எடுத்துப்பாரோன்னு சொல்லல” என்றார். 

பொருளாளர், “டாக்டரு சொல்ல மாட்டாரு, நான் சொல்றேன். பிரஷர் முகத்துல எழுதி ஒட்டியிருக்கு” என்றார்.

“நான் இல்லாம மோட்டார் யாரு போடுவா?” என்றார் தலைவர். குரல் தழுதழுத்தது.

“நாங்க போடுறோம் சார்!” என்று ஒரே குரலில் சொன்னார்கள். பிறகு கைதட்டினார்கள். அந்த அறையில் அப்படி ஒரு கைதட்டல் அதுவரை கேட்டதில்லை. டைல்ஸ் கூண்டுத் திறப்பு விழாவில்கூடக் கேட்டதில்லை. தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். போகச் சொல்லி இத்தனை பேர் கைதட்டினால் யாருக்குத்தான் கண் கலங்காது?

“உன்னப் போய் நான் தப்பா நினைச்சிட்டேம்மா” என்றார் டோக்கனிடம்.

“அதெல்லாம் மனசுல வெச்சுக்காதீங்க சார். நிம்மதியாப் போயிட்டு வாங்க” என்றாள். மனசில் வைத்துக்கொள்கிற வேலையை அவள் ஏற்றுக்கொண்டிருந்தாள்.

தலைவர் ஊருக்குப் போன வாரமே செயலாளர் சுழல் நாற்காலிக்கு மாறினார். யாரும் உட்காராமல் விட்டால் சக்கரம் துருப்பிடித்துவிடும் என்றார். அடுத்து மோட்டார் போடும் நேரம் மாறியது. பிறகு டைல்ஸ் கூண்டின் கல்லுக்கு மேல் ‘புதுப்பித்தவர்’ என்று இன்னொரு கல் பதிக்கப்பட்டது. புதுப்பித்தது அந்தக் கல்லைத்தான். மகன் வீட்டிலிருந்து தலைவர் ஃபோன் செய்தால், முதலில் எடுத்தார்கள், பிறகு கொஞ்ச நேரம் கழித்து எடுத்தார்கள், பிறகு மணி மட்டும் அடித்தது.

செயலாளர் நல்லவர் என்று டோக்கன் ஒரு நிமிஷமும் நினைக்கவில்லை. வாரந்தோறும் கூண்டு மாற்றுகிற கூத்தை அவர் நிறுத்தினார், அதுவும் கோழி தூக்கி அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டதால். சாவிக்காகத் தன்னை வாசலில் நிற்கவைத்தவர் அவர் என்பதை அவள் மறக்கவும் இல்லை. அவருக்கும் ஒரு நாள் வரும், அது அப்புறம். இப்போதைக்கு அவளுக்கு நல்லவர் யாரும் தேவைப்படவில்லை.

பெரியக்கா பிழைத்துக்கொண்டாள். ஆனால் நடு இடம் திரும்ப வரவில்லை. எல்லாம் தின்று முடித்த பிறகு மிச்சத்தைத் தின்றாள். ஃபிரிட்ஜின் மூலையில், கழியில் இல்லாமல் தரையில், சீமாட்டிக்குப் பக்கத்தில் படுத்தாள். எதிரே வருவது யாராக இருந்தாலும் ஒதுங்கி வழிவிட்டாள். சாயங்காலம் போய்ப் பார்க்கிற பழக்கத்தை டோக்கன் விடவில்லை. பார்த்துவிட்டு வரும்போதெல்லாம் வயிற்றில் ஒன்று புதிதாகப் பற்றி எரியும். அதை அணைக்க அவள் எதுவும் செய்யவில்லை.

இரண்டு மாதம் கழித்துத் தலைவர் திரும்பி வந்தார். கன்னத்தில் சதை பிடித்து, புதுச் சட்டை போட்டு, அன்று நடந்த கூட்டத்துக்குச் சிரித்தபடியே நுழைந்தார். யாரும் எழுந்திருக்கவில்லை. சுழல் நாற்காலியை நோக்கி நடந்தார்.

“வாங்க சார் வாங்க. அங்க உட்காருங்க, காத்து நல்லா வரும்” என்று செயலாளர் கதவோரம் கை காட்டினார்.

“இல்ல, என் எடம்…”

“சார் மெதுவா. நீங்க ரெஸ்ட்ல இருக்கறவரு. பிரஷர் வேற” என்றார் பொருளாளர்.

தலைவர் இரண்டாவது வரிசையைப் பார்த்தார். அங்கே ஒரு பையை வைத்திருந்தார்கள். மூன்றாவது வரிசையில் காலை நீட்டினார்கள். கடைசியில், செருப்புகள் கிடக்கும் இடத்தில், டோக்கனுக்கும் அந்தப் பக்கம் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அதில் உட்கார்ந்தார். 

“ஒரு விஷயம் சொல்லணும்” என்று வாயைத் திறந்தார். இரண்டு பேர் அவர் மேலேயே பேசினார்கள். மறுபடி திறந்தார். “அது போன கூட்டத்துலயே முடிஞ்சு போச்சு சார்” என்றது ஒரு குரல். அந்தக் குரலுக்குரியவர், முன்பெல்லாம் தலைவரைப் பார்த்தால் லுங்கியை இறக்கிவிட்டு நிற்பவர். அதற்குள் எல்லாருக்கும் தைரியம் வந்துவிட்டது. மகன் வீட்டில் சாப்பிட்ட சாப்பாட்டைப் பற்றி ஒருவன் கேட்டான், மற்றவர்கள் சிரித்தார்கள். கூட்டத்தில் வாய் திறக்காத டோக்கனின் கணவன்கூட, “சார், அந்த மோட்டார் சுவிட்ச உடைச்சது நீங்கதானே?” என்றான். 

தலைவரின் கழுத்து மெல்ல உள்ளே போய்க்கொண்டிருந்தது. டோக்கன் பக்கம் சாய்ந்து, “ஏம்மா, நீயாவது ஒரு வார்த்தை சொல்லேன். என்ன நடக்குது இங்க?” என்று கிசுகிசுத்தார். கண்ணில் நீர் கட்டியிருந்தது. வேறு ஒரு பெண்ணாக இருந்தால் அந்த இடத்தில் மனசு இளகியிருக்கும்.

“கொத்தித்தான் எடத்த வாங்கணும் சார்” என்றாள்.

தேநீரும் பிஸ்கட் தட்டும் முன்வரிசையிலிருந்து கிளம்பின. சுழல் நாற்காலி இரண்டு எடுத்தது, பொருளாளர் மூன்று எடுத்தார், வரிசை வரிசையாகக் கைகள் நீண்டன. தட்டு டோக்கனைத் தாண்டித் தலைவரின் முன்னால் வந்து நின்றபோது ஒரே ஒரு பிஸ்கட் மிச்சமிருந்தது. காலையிலிருந்து பயணம் செய்தவர், பசியோடு கையை நீட்டினார். டோக்கனின் கையில் ஏற்கெனவே ஒன்று, கடிக்காமல் அப்படியே இருந்தது. அவள் தலையைத் திருப்பி அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் கை பாதியில் நின்றது. அவள் அவருக்குக் குறுக்கே கையை நீட்டி, அந்தக் கடைசிப் பிஸ்கட்டை எடுத்து, அவர் கண்ணைப் பார்த்தபடியே கடித்தாள்.

அவளுக்குப் பசியே இல்லை. இருந்தாலும் இரண்டையும் தூள்கூட மிச்சமில்லாமல் தின்றாள். தலைவர் தலையைத் தாழ்த்திக்கொண்டு, தன் நாற்காலியைச் செருப்புகளின் பக்கம் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொண்டார்.